பத்து தடவைக்கு மேல் பார்த்தவர்கள்

எங்கள் அத்தான் யாரையும் நம்பமாட்டார். நான் குறை சொல்லவில்லை, அவரே இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அக்காவைக் கல்யாணம் செய்துகொண்ட புதிதில், கணக்குப் பரீட்சையில் தொண்ணூற்றொரு மார்க் என்று நான் துள்ளிக்கொண்டு போய் அவரிடம் சொன்னேன். "அப்படியா? மார்க் ஷீட்டைக் கொண்டா" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அந்த ஒன்பதை யாராவது திருத்தியிருக்கிறார்களா என்று பார்த்தார். அப்புறம்தான் "சபாஷ்" வந்தது. இருபது வருடம் ஆகிறது, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்போது அவர் பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர். ஒருநாள் எங்கள் அப்பா ஏதோ யோசனையில் டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். வழியில் ஏறியது மருமகன். "வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க" என்று அப்பா வாயெல்லாம் பல்லாக நகர்ந்து இடம் கொடுத்தார். "டிக்கெட்?" என்றார் அத்தான். அபராதச் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு, இறங்கும்போது "சாயங்காலம் வீட்டுக்கு வரேன் மாமா" என்று வேறு சொன்னாராம். அப்பா ஆறு மாதம் அவரோடு பேசவில்லை. அம்மாதான் பாவம், அப்பா முன்னால் சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் சமையலறைக்கு ஓடி ஓடிப் போனாள்.

வீட்டிலும் இதே கதைதான். கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், இன்னொரு டாக்டரிடம் போய் அது சரியா என்று கேட்பார். அக்கா அவரோடு எப்படிக் குடித்தனம் நடத்துகிறாள் என்று எனக்கு ஆச்சரியம். கேட்டால், "என்னைச் சந்தேகப்படறதுக்கு அவருக்கு நேரமே கிடைக்கலடி, ஊர்ல அவ்வளவு பேர் இருக்காங்க" என்பாள்.

நாற்பது வயதில் மனிதர் சாயங்கால வகுப்பில் சேர்ந்து கம்ப்யூட்டர் படித்தார். பஸ் வேலையை விட்டுவிட்டு, இணையத்தில் செருப்பு விற்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வேலை, வருகிறவர்களை எண்ணுவது. தளத்துக்கு யார் வந்தார்கள், எதைப் பார்த்தார்கள், வாங்கினார்களா, பாதியில் ஓடிவிட்டார்களா என்று எல்லாமே அவருடைய திரையில் தெரியும். நூறு பேர் வந்தால் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதுதான் கம்பெனியில் எல்லோரும் பார்க்கும் எண். வாங்கியவர்களை மேலே போட்டு, வந்தவர்களைக் கீழே போட்டு வகுக்க வேண்டும், அவ்வளவுதான். அதையே போனில் வந்தவர்கள், கம்ப்யூட்டரில் வந்தவர்கள், புதியவர்கள், பழையவர்கள் என்று கூட்டம் கூட்டமாகப் பிரித்தும் போடலாம். எந்தக் கூட்டம் வாங்குகிறது, எந்தக் கூட்டம் சும்மா வேடிக்கை பார்க்கிறது என்று தெரிந்துவிடும்.

எதைக் கொடுத்தாலும் "வடிகட்டித்தான் பாக்கணும்" என்பார். அதனால் ஆபீசில் அவருக்கு வடிகட்டி என்றே பெயர். மூன்று வருடத்துக்கு முன்னால் எவனோ விளையாட்டுக்குப் பொய் விலாசங்களில் செருப்பு ஆர்டர் செய்து கம்பெனியை அலையவிட்டான். அத்தான் அந்தப் போலி ஆர்டர்களை வடிகட்டிவிட்டு, புதிதாக ஒரு கணக்கீடு உண்டாக்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'அசல் எண்'. அன்றிலிருந்து கம்பெனியில் எந்த முடிவு எடுத்தாலும் அசல் எண் என்ன சொல்கிறது என்றுதான் கேட்பார்கள். அத்தான் கொடுத்த எண் என்றால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். சொந்த மாமனாருக்கே அபராதம் போட்டவர் ஆயிற்றே!

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அவர் சொல்லித்தான் எனக்கும் அங்கே வேலை கிடைத்தது. சொல்லி என்றால், சிபாரிசு செய்து அல்ல. "ஒரு இடம் காலியா இருக்கு. நான் சொன்னேன்னு மட்டும் எங்கேயும் சொல்லிடாதே" என்றார். வயதானவர்களுக்காகத் தளத்தில் தனியாக ஒரு பக்கம் திறந்திருந்தார்கள். எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக இருக்கும், படங்கள் குறைவு, சந்தேகம் வந்தால் அமுக்க ஒரு போன் பொத்தான். அமுக்கினால் எங்களுக்கு மணி அடிக்கும். நாங்கள் மூன்று பேர். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருத்தர், பெரியவர்களையும் அதட்டி உட்கார வைத்து அளவு சொல்லிக் கொடுப்பார். இன்னொருத்தி ஏழு மாதக் கர்ப்பிணி, அவள் புருஷனுக்கு அப்போது வேலை இல்லை. மூன்றாவது நான். எங்கள் பக்கத்தின் அசல் எண் மாதாமாதம் எங்களுக்கும் வரும், பார்த்துவிட்டு வைத்துவிடுவோம்.

புது மேனேஜர் வந்தார். வந்த கையோடு கேன்டீனை மூடினார், இரண்டாவது லிஃப்டை நிறுத்தினார், பூந்தொட்டிகளைக்கூட எடுத்தார். கத்தரிக்கோல் என்று டீச்சர் பெயர் வைத்தார். ஒரு திங்கட்கிழமை கத்தரிக்கோல் என்னைத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். மேசை மேல் அத்தானின் அறிக்கை இருந்தது.

"பாருங்க. சாதாரணப் பக்கத்துல நூத்துக்கு நாலு பேர் வாங்கறாங்க. உங்க பெரிய எழுத்துப் பக்கத்துல ஒன்றரை. மாசக் கடைசியோட மூடிடலாம்னு இருக்கேன்."

"மேடம், எங்களுக்கு நாள் பூரா போன் வருது. வாங்காமலா இவ்வளவு பேர் பேசறாங்க?"

"பேசறவங்க எல்லாம் வாங்கறதில்லையே. எண்ணைப் போட்டது யாருன்னு தெரியுமில்ல? உங்க அத்தான்."

மாதக் கடைசிக்கு மூன்று வாரம் இருந்தது. பக்கம் மூடினால் மூன்று பேருக்கும் வேலை இல்லை. அந்தக் கர்ப்பிணிப் பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது? நான் சொல்லவில்லை. டீச்சர் சொன்னார். அவள் அழவில்லை, வயிற்றைத் தடவிக்கொண்டு அடுத்த போனை எடுத்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அன்றிலிருந்து எனக்கு அத்தான் மேல் சந்தேகம். வெளிப்படையாகவே சொல்கிறேன், எனக்கு என்ன வெட்கம்? மச்சினிக்குச் சலுகை காட்டுகிறான் என்று எவனாவது சொல்லிவிடுவானோ என்று பயந்து, என் பக்கத்தின் எண்ணை வேண்டுமென்றே அமுக்கிவிட்டார் என்று நினைத்தேன். மாமனாரையே விட்டுவைக்காத ஆளுக்கு மச்சினி எம்மாத்திரம்! அவரும் கத்தரிக்கோலும் கண்ணாடி அறையில் தலையோடு தலை வைத்துப் பேசுவதைப் பார்த்தேன். நான் அவர் இடத்தைத் தாண்டிப் போனால் திரையைச் சட்டென்று திருப்பிக்கொள்வார். அவர் யார் போனாலும் திருப்புவார்தான், ஆனால் அந்த வாரம் எனக்காகவே திருப்புவதாகத் தோன்றியது. கண்கொத்திப் பாம்பாக அவரைக் கவனித்தேன்.

சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய்ப் பொரிந்து தள்ளினேன்.

"உன் வீட்டுக்காரர்தான்கா எங்க வேலைக்கு உலை வச்சாரு."

"அவர் அப்படிச் செய்யமாட்டார்டி."

"எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றே?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "அவர் கணக்கு தப்பாது. அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்" என்றாள். அந்த நேரம் பார்த்து அத்தான் உள்ளேயிருந்து வந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும். தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் போன் செய்தவர்களில் ஏற்கனவே செருப்பு வாங்கியவர்கள் யார் என்று கேட்டுக் கேட்டு ஆர்டர் எண்ணைக் குறித்துக்கொண்டோம். செருப்பு வந்துவிட்டது, நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்கள், வார் இறுக்கமாக இருக்கிறது என்று புலம்பியவர்கள், இன்னொரு ஜோடி வேண்டும் என்றவர்கள். எல்லோரும் எங்கள் பக்கம் வழியாகவே வாங்கியவர்கள். பத்தொன்பது எண்கள் சேர்ந்தன. புதன்கிழமை காலை அந்தத் தாளை அத்தானின் மேசையில் அடித்து வைத்தேன்.

"இவங்க எல்லாம் வாங்கினவங்க. இதுல எத்தனை பேர் உங்க அசல் எண்ணுல இருக்காங்கன்னு காட்டுங்க."

"இது எங்கேருந்து புடிச்ச நம்பர்?"

"நானே உக்காந்து கற்பனை பண்ணினேன்! பாருங்க அத்தான்."

என்னை முறைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் தட்டினார். முதல் எண் இருந்தது. இரண்டாவது இல்லை. மூன்றாவது இல்லை. பத்தொன்பதில் ஏழுதான் இருந்தன. பன்னிரண்டைக் காணோம். கிடங்கின் பட்டியலில் பார்த்தால் பத்தொன்பதுமே இருந்தன, செருப்பு அனுப்பியும் ஆகிவிட்டது.

"மாட்டினீங்களா?" என்றேன்.

அவருக்கு என் மேல்தான் சந்தேகம் விழுந்தது. "உன் ஆளுங்களை விட்டு வாங்கச் சொன்னியா? பக்கத்தைக் காப்பாத்தறதுக்கு?" என்று கேட்டாரே பார்க்கலாம்! எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. "நீங்களே போன் போட்டுக் கேட்டுக்கங்க" என்று கத்திவிட்டேன். நாலு மேசை தள்ளி இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

போட்டார். காணாமல் போன பன்னிரண்டில் முதல் ஆள் வயதான ஒரு தையல்காரர். அத்தான் ஒலிபெருக்கியில் வைத்தார்.

"போன மாசம் எங்க தளத்துல செருப்பு வாங்கினீங்களா?"

"ஆமாங்க."

"நிஜமா நீங்களேதான் வாங்கினீங்களா?"

"பின்னே, பக்கத்து வீட்டுக்காரனா எனக்குச் செருப்பு வாங்கித் தருவான்?"

"என்ன நிறம்?"

"பழுப்பு. யாருங்க நீங்க, போலீசா?"

"இல்லைங்க, கம்பெனிலேருந்துதான். ஒரு சின்ன சந்தேகம்."

"சந்தேகமா? எனக்கு இருந்த சந்தேகத்தைக் கேளுங்க. கால்ல போட்டுப் பாக்காம செருப்பு வாங்கறதுன்னா சும்மாவா? காலையில தொறந்து பார்த்தேன். அளவு சரியா இருக்குமான்னு யோசனை, மூடிட்டேன். மறுபடி தொறந்தேன். வார் உறுத்துமோன்னு ஒரு யோசனை. அன்னிக்குப் பூரா இதே வேலைதான். இருபது தடவையாவது அதே செருப்பைத் தொறந்து பார்த்திருப்பேன். சாயங்காலம் பொண்ணு வந்து பார்த்து, சரிதாம்பா வாங்குன்னு சொன்னப்புறம்தான் அமுக்கினேன்."

"ஹலோ, ஹலோ" என்று தையல்காரர் இரண்டு தடவை கூப்பிட்டார். நான்தான் நன்றி சொல்லி வைத்தேன். அத்தானின் முகம் வெளுத்துப் போயிருந்தது. மெதுவாக அசல் எண்ணின் உள்ளே போய் ஒரு வரியைத் திறந்தார். அவராகவே முதல் தடவையாகத் திரையை என் பக்கம் திருப்பினார்.

அன்றைக்கு விளையாடினானே, அவன் ஒரே செருப்பை நாற்பது ஐம்பது தடவை திறந்து மூடித்தான் பொய் ஆர்டர் போட்டிருக்கிறான். அதைப் பிடிக்க அத்தான் வைத்த வடிகட்டி இதுதான்: ஒரே நாளில் ஒரே பொருளைப் பத்து தடவைக்கு மேல் திறந்தவன் வாங்கினால், அந்த வாங்கலைக் கணக்கில் சேர்க்காதே. அவன் அப்போதே ஓய்ந்துவிட்டான். வடிகட்டி மட்டும் அப்படியே இருந்தது. அதிலும் கொடுமை என்னவென்றால், அதை வாங்கியவர்களுக்கு மட்டும்தான் போட்டிருந்தார். வந்தவர்களுக்குப் போடவில்லை. எங்கள் தையல்காரர் வந்தவர் என்று கீழே எண்ணப்பட்டார், வாங்கியவர் என்று மேலே எண்ணப்படவில்லை. வந்தார், வாங்காமல் போனார் என்று ஆகிவிட்டது. சாதாரணப் பக்கத்தில் இளவட்டங்கள் ரெண்டு மூணு தடவை பார்த்துவிட்டுப் பட்டென்று வாங்கிவிடுவார்கள். அங்கே இந்த வடிகட்டியில் ஒன்றிரண்டு பேர்தான் சிக்கினார்கள். எங்கள் பக்கத்தில் பாதிக்கு மேல் சிக்கிவிட்டார்கள்.

"உங்கள மாதிரி ஆளுங்களா பார்த்துத் தூக்கி வெளிய போட்டிருக்கீங்க அத்தான்!" என்றேன்.

அவர் வடிகட்டியை எடுத்துவிட்டு இரண்டு கூட்டத்துக்கும் மறுபடி கணக்குப் போட்டார். சாதாரணப் பக்கம் நூற்றுக்கு நாலேகால். எங்கள் பக்கம் ஐந்து. நான் சந்தோஷத்தில் கத்தாத குறை. ஐந்து! எங்கள் பெரியவர்கள்தான் அதிகம் வாங்குகிறார்கள். ஓடிப்போய் டீச்சரிடமும் அந்தப் பெண்ணிடமும் சொல்ல வேண்டும் போல் இருந்தது. ஆனால் அத்தானைப் பார்த்தால் இழவு விழுந்த வீட்டில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருந்தார். எனக்கே பரிதாபமாகப் போய்விட்டது.

"சத்தமில்லாம மாத்திடுங்க அத்தான். அடுத்த அறிக்கையில அஞ்சுன்னு வரட்டும். யாருக்கும் தெரியவேண்டாம்."

"சத்தமில்லாம மாத்தினா, மச்சினிக்காக மாத்தினேன்னு ஆயிடும்."

"யார் கேக்கப் போறாங்க?"

"நானா இருந்தா கேப்பேன்" என்றார்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் எழுந்து நின்றார். அசல் எண்ணில் தவறு இருக்கிறது, தவறு என்னுடையது என்று சொல்லிவிட்டு, அந்த வடிகட்டியைத் திரையில் காட்டினார். கத்தரிக்கோல் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"போன வாரம் ஒன்றரை. இந்த வாரம் அஞ்சு. நடுவுல உங்க மச்சினி உங்க மேசையில வந்து சத்தம் போட்டதா கேள்விப்பட்டேன்."

"போட்டது உண்மைதான் மேடம்."

"அப்ப நான் எதை நம்பறது?"

"என்னை நம்பாதீங்க" என்றார் அத்தான். "மூலக் கணக்கு அப்படியே இருக்கு. வெளியிலேருந்து யாரையாவது கூப்பிட்டு எண்ணச் சொல்லுங்க. முடியற வரைக்கும் நான் கம்ப்யூட்டரைத் தொடமாட்டேன்."

எனக்கு உயிரே போய்விட்டது. மனிதர் தன் தலையில் தானே கல்லைத் தூக்கிப் போட்டுக்கொள்கிறாரே என்று இருந்தது. வேறு கிளையிலிருந்து ஒரு பெண் வந்து மூன்று நாள் எண்ணினாள். அந்த மூன்று நாளும் அத்தான் காலையில் சரியான நேரத்துக்கு வந்து, அணைத்து வைத்த திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேற்றுவரை அவருக்கு வணக்கம் சொன்னவர்கள் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போனார்கள். மச்சினிக்காகக் கணக்கை வளைத்த ஆள் என்று கழிவறை வாசலில் இரண்டு பேர் பேசிக்கொண்டது என் காதிலேயே விழுந்தது. நான் விடுவேனா? நின்று நன்றாகக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

நாலாம் நாள் வேறு கிளையிலிருந்து வந்த பெண்ணின் கணக்கும் வந்தது. ஐந்து. எங்கள் பக்கம் தப்பியது. டீச்சர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இத்தனை நாளாகச் சொட்டுக் கண்ணீர் விடாத அந்தக் கர்ப்பிணி அன்றுதான் உட்கார்ந்து அழுது தீர்த்தாள்.

அத்தானிடம் கத்தரிக்கோல் இரண்டே வாக்கியம்தான் பேசினார். மூன்று வருடமாகத் தப்பான எண்ணைக் கொடுத்தவரிடம் இனிமேல் எண் கேட்க முடியாது என்றார். வேலையை விட்டு அனுப்பவில்லை, திரும்பி வரும் பெட்டிகள் பிரிவுக்கு மாற்றுகிறேன் என்றார். வாங்கியவர்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பும் செருப்புகளைப் பிரித்து, போட்டு நடந்திருக்கிறார்களா என்று பார்க்கும் வேலை. கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை.

அன்று மத்தியானமே நான் கீழே இறங்கிப் போனேன். ஒரு செருப்பைக் கவிழ்த்து, அதன் அடியில் விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மண் ஏதும் இல்லை போலிருக்கிறது, பெட்டிக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீ என்னைச் சந்தேகப்பட்டியாமே."

காதில் விழுந்துவிட்டது, இனி மறைத்து என்ன? "ஆமா அத்தான்."

"எப்பலேருந்து?"

"மேனேஜர் ரூம்ல உங்க அறிக்கையைப் பார்த்தேன் பாருங்க, அந்தத் திங்கக்கிழமைலேருந்து."

"அதுக்கு முன்னாடி? ஒன்றரை வருஷமா மாசாமாசம் அந்த எண்ணை நீயும்தானே பார்த்தே. போன் வந்துகிட்டேதான் இருந்துச்சு. அப்பல்லாம் ஒண்ணும் தோணலியா?"

"இல்ல அத்தான். நீங்க போட்டதுன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அவர் தலையை ஆட்டினார்.

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. உங்க அக்காகூட இதைத்தான் சொன்னா. நூறு பேர் பார்த்த எண்ணு. இந்த வடிகட்டி மனுஷன் போட்டதுன்னா சரியாத்தான் இருக்கும்னு ஒருத்தர்கூட வாயைத் தொறக்கல. சண்டைக்காரி நீ, நீயாவது கேட்டிருக்கக் கூடாதா?"

எப்போதும் ஒன்றுக்கு நாலாகத் திருப்பிக் கொடுக்கிறவள் நான். "மன்னிச்சுக்கங்க அத்தான்" என்றேன். சந்தேகப்பட்டதற்காக ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். இத்தனை நாள் நம்பிவிட்டதற்காகக் கேட்டது அதுதான் முதல் தடவை.